ஒரு விரல் இடப்பக்கம்

அச்சகத்தில் பக்கங்களை வடிவமைத்துக் கட்டுகிற அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். மெஷின் ஓட்டுகிறவர்கள் வைத்தது. தாளின் ஓரத்தில் எழுத்து நூல் பிடித்தாற்போல் நிற்கவில்லை என்றால், ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அளவுகோலோடு வந்து நின்றுவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவருடைய மனைவிகூட, கோபம் வந்தால், "என்ன மில்லிமீட்டர், இன்னிக்கு எந்தப் பக்கம் கோணல்?" என்றுதான் கேட்பாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். பேச்சுக்குச் சேதமில்லை. இடக்கை சோர்ந்தது, இடக்கால் இழுத்தது, இரண்டும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன. வழிக்கு வராமல் போனது வேறொன்று. உலகத்தின் இடது பாதியே அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா," என்றார் டாக்டர். "கண்ணு பார்க்குது. மூளைதான் அந்தப் பக்கத்தக் கணக்குல சேர்க்க மாட்டேங்குது. ஒரு பக்கம் இல்லைங்கிறதே அவருக்குத் தெரியாது."

தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்பார். அவள் தட்டைத் திருப்பி வைத்தால், "இத முன்னாடியே வச்சிருக்கலாம்ல," என்று குறைப்பட்டுக்கொள்வார். வலது கன்னத்தை வழுவழுவென்று மழித்துவிட்டு, இடது கன்னத்தில் தாடியோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவார். சட்டையின் வலது கையை மட்டும் மாட்டிக்கொண்டு, எங்கே போகலாம் என்று கேட்டு நிற்பார். முதலில் அவள் அழுதாள். பிறகு சிரித்துப் பார்த்தாள், அவரும் சேர்ந்து சிரிக்கட்டும் என்று. சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

அச்சக முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். "உங்க நாற்காலி உங்களுக்குத்தான். அடுத்த வருஷக் காலண்டர் வேலை தொடங்குறப்ப வந்துடுங்க," என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் காலண்டர் அவருக்கு வருஷம் பிறப்பதற்குள் வேண்டும் அல்லவா? அதற்குள் இடது பாதி திரும்பி வரவேண்டும். வராவிட்டால் நாற்காலி போகும். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். பக்கம் கட்டுகிற வேலை இல்லாமல் இந்த மனுஷர் என்ன ஆவார் என்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அவருக்கு ஒரு கணினி உண்டு. அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அதில் ஓடியது லினக்ஸ்; யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தது. "உள்ள என்ன இருக்குன்னு காட்டாத எதையும் என் மேசையில வைக்க மாட்டேன்" என்பது அவர் கொள்கை. கொள்கையோடு நின்றாலும் பரவாயில்லை. விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து அதைச் சிங்காரித்துக்கொண்டிருப்பார். ஐகான்களை மாற்றுவார். எழுத்துருவை மாற்றுவார். பச்சையிலும் சேராத, சாம்பலிலும் சேராத ஒரு நிறத்தை அரை நாள் தேடுவார்.

"இதெல்லாம் மாத்திட்டா வேலை தானா நடந்துடுமா?" என்று அவள் கேட்பாள்.

"கண்ணுக்கு இதமா இருந்தா கை தானா நடக்கும்," என்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்சம் தெம்பு ஏறியதும் அவர் முதலில் தேடிப் போனது அந்தச் சக்களத்தியைத்தான். திரையில் மெனு, ஐகான், கடிகாரம் எல்லாம் வரிசையாக நிற்கும் நீளப் பட்டையை இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்திருந்தார். அப்படி வைத்தால்தான் பக்கத்துக்கு உயரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இப்போது உட்கார்ந்து பார்த்தார். சுட்டியை வலப்பக்கமாகவே உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"என் மெனுவ யாரோ எடுத்துட்டாங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி குத்தியபோது வராத அழுகை அப்போது அவருக்கு வந்துவிட்டது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மெனுதானே, எப்பாடு பட்டாவது எடுத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அவளுக்குத் தெரிந்த கணினி, அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் அளவுக்குத்தான். ஆனால் அவர் வழக்கமாகப் படிக்கும் இணைய மன்றம் ஒன்று உண்டு என்று தெரியும். தங்கள் திரையை அழகு பண்ணி, படம் எடுத்துப் போட்டு, ஒருவருக்கொருவர் சபாஷ் சொல்லிக்கொள்கிறவர்களின் மன்றம். அங்கே போய், தலையும் வாலும் இல்லாமல் ஒரு கேள்வி எழுதினாள். ஆந்தை என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டார். ஆணா பெண்ணா, கிழமா குமரியா, ஒன்றும் தெரியாது. ஆனால் பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. பட்டையின் மேல் சுட்டியை வைத்து வலது பொத்தானை அழுத்துங்கள், வரும் பட்டியலில் இதைத் தேர்ந்தெடுங்கள் என்று, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு முறை அவள் ஏதோ ஒரு கோப்பில் கை வைக்கப்போக, திரை முழுக்கக் கறுத்துவிட்டது. அவருடைய கணினியைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தாள். கைப்பேசியிலிருந்து ஆந்தைக்கு எழுதினாள். "நீங்கள் எதையும் உடைக்கவில்லை. அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி உள்ளே வாருங்கள், அது புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்" என்று பதில் வந்தது. அதை எப்படிச் செய்வது என்றும் வரிவரியாக வந்தது. செய்தாள். திரை வெளுத்தது. முகம் தெரியாத அந்த ஆந்தைக்கு அவள் திரையைப் பார்த்துக் கும்பிடு போட்டாள்.

கடைசியில் பட்டை வலது ஓரத்துக்கு வந்தது. ஐகான்கள் வலப்பக்கம் வந்தன. திறக்கிற விண்டோவெல்லாம் வலது பாதியிலேயே திறந்தது. அவர் வந்து உட்கார்ந்தார். மெனு கையில் கிடைத்தது. "அட, இங்கதான் இருந்திருக்கு," என்றார். அவள் கோட்டையைப் பிடித்த ராணி மாதிரி சமையலறைக்கு நடந்தாள்.

அவர் தினமும் வேலை செய்யத் தொடங்கினார். ஒரு நாள் காலண்டரில் ஒரு மாதப் பக்கத்தைக் கட்டி, அச்செடுத்து அவளிடம் நீட்டினார். "பாரு. ஒரு மில்லிமீட்டர் பிசகல."

பிசகவில்லைதான். செவ்வாய் முதல் சனி வரை கட்டங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் நின்றன. ஞாயிறும் திங்களும் இல்லை. அந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். அந்த மாதத்தில் யாருக்கும் விடுமுறை கிடையாது, வாரம் தொடங்குவதும் கிடையாது.

"நல்லா இருக்குங்க," என்றாள். அப்படிச் சொன்னதற்காக அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாராவாரம் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சின்னப் பெண்தான், ஆனால் கறார். அந்த வாரம் அவர் கை பழகுவதைப் பார்க்க வேண்டும் என்று கணினி முன்னால் உட்கார வைத்தாள். திரையைப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"யாரு அக்கா இப்படி எல்லாத்தையும் வலப்பக்கம் வச்சது?"

"நான்தான்," என்றாள் இவள், பாராட்டு வரும் என்று நினைத்து.

அந்தப் பெண் அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். "அக்கா, நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா பாதி வீட்டப் பூட்டி, சாவிய நீங்களே வச்சுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. தேவையானது எல்லாம் வலப்பக்கமே கிடைச்சா சார் எதுக்கு இடப்பக்கம் திரும்பணும்? எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா இடப்பக்கம் கொண்டு போங்க. ஓரத்துல பளிச்சுன்னு ஒரு கலர் வைங்க. நீங்களும் இனிமே அவருக்கு இடப்பக்கம்தான் உக்காரணும். அங்கேருந்துதான் பேசணும்."

அவள் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அன்றைக்கே மன்றத்துக்குப் போய், இத்தனை பாடுபட்டு வலப்பக்கம் கொண்டுவந்ததை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும், அதுவும் அவருக்குத் தெரியாமல், என்று எழுதினாள். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆந்தை ஒரு சின்ன நிரலை எழுதி அனுப்பினார். அதில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், பட்டை ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்ந்து நிற்கும்.

அவள் விரல் விரலாக நகர்த்தினாள்.

"இது தானா நகருதே," என்றார் அவர்.

"ஏதோ அப்டேட் வந்திருக்காம்," என்றாள்.

"இந்த அப்டேட் போடுறவனுங்களுக்கு வேற வேலையே கிடையாதா?"

ஊருக்கெல்லாம் சும்மா உழைத்துக் கொடுத்துவிட்டு, இந்த வீட்டில் வசவும் வாங்கிக்கொள்கிற அந்த முகம் தெரியாத மனிதர்களிடம் அவள் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

பட்டை நடுத்திரை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நடுவைத் தாண்டி ஒரு விரல் வைத்தாலும் அவர் அதைத் தொலைத்துவிட்டார். இடது ஓரத்தில் ஒரு நிறக்கோடு வைத்துப் பார்த்தாள். அவருக்குப் பிடிக்குமே என்று, அந்தப் பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்திலேயே வைத்தாள். அவர் தலை அந்தப் பக்கம் அசையவில்லை. அவள் அவருடைய இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல் மருத்துவமனைக் கதையெல்லாம் சொன்னாள். பேசும்போது பதில் சொல்வார், வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்து. பேச்சை நிறுத்தினால், "எங்க போயிட்ட?" என்று கேட்பார். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியைப் பார்த்தல்ல, வாசல் கதவைப் பார்த்துக் கேட்பார். அந்த நாட்களில் அவளுக்கு இருந்த தனிமையைச் சொல்லி முடியாது. விட்டுவிட்டுப் போனவர்களைத் திட்டலாம். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு இல்லை என்கிறவரை என்ன செய்வது?

காலண்டர் வேலை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டையின் நிறத்தையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று ஆந்தையிடம் கேட்டாள். ஆந்தை ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பினார். எந்தெந்த இடத்தை அவள் மாற்ற வேண்டும் என்று பார்த்தவுடன் தெரியட்டும் என்று, அந்த இடங்களில் எல்லாம் வேண்டுமென்றே கண்ணைக் குத்துகிற எதையாவது போட்டு வைத்திருந்தார். பட்டைக்கு ரோஸ். அதன் மேல் கிளிப்பச்சை எழுத்து. எழுத்துரு கோணல். இடம், இடது ஓரத்துக்கும் ஓரம். மாற்றிவிட்டுச் சேமியுங்கள் என்று எழுதியிருந்தார். அவள் சேமித்துவிட்டு மாற்றலாம் என்று நினைத்தாள். சேமித்த கையோடு அடுப்பில் பால் பொங்கிற்று.

பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வருவதற்குள் அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அவள் அறை வாசற்படியிலேயே, அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். மெனுவைக் காணோம் என்று மறுபடி அழப்போகிறார் என்று பயந்தாள்.

அவர் வலப்பக்கம் தேடினார். நடுவில் தேடினார். பிறகு சட்டைக்குள் எறும்பு புகுந்தவர்போல் ஒரு முறை நெளிந்தார். தலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றது. அங்கேயே நிற்கும் என்றுதான் அவள் நினைத்தாள். நிற்கவில்லை. நடுவைத் தாண்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய், இடது ஓரத்தில் முட்டி நின்றது.

"இது என்ன கண்றாவி?" என்றார்.

அவள் வாசற்படியைவிட்டு நகரவில்லை.

"யாரு இந்தக் கலரப் போட்டது? ரோஸ் மேல பச்சை எழுத்து வைக்கிறவன் மனுஷனா? 'அமைப்புகள்'னு எழுதியிருக்கான். 'அ' இங்க நிக்குது, 'மை' அங்க நிக்குது, நடுவுல ஒரு லாரி போகலாம்."

இத்தனை மாதமாக அவர் சொற்களைப் பாதியிலிருந்துதான் படித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு முதல் எழுத்திலிருந்து படித்திருக்கிறார், படித்துவிட்டுக் குறையும் சொல்கிறார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அப்படியும் விசும்பல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"ஏய், அங்க நின்னு அழறியா? அழற அளவுக்கு நான் ஒண்ணும் சொல்லலையே. அப்டேட் போட்டவனத்தான் சொல்றேன்."

அன்று காலையெல்லாம் அவர் அந்தப் பட்டையைத் திருத்திக்கொண்டிருந்தார். நடுநடுவே தொலைத்தார். தொலைத்தால் பழைய நாட்களைப்போல் விட்டுவிடவில்லை. உறுத்தல் அவரை விடவில்லை. அந்தக் கோணல் எழுத்து எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவரால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

நடந்ததை அவள் ஆந்தைக்கு எழுதினாள். ஆந்தை மன்றத்துக்கே சொன்னார். அதன் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது? ஆயுள் முழுக்கத் திரையை அழகு பண்ணுவதையே தொழிலாக வைத்திருந்த அத்தனை பேரும், முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்காக, திரையின் இடது ஓரத்தை எப்படி அவலட்சணமாக்கலாம் என்று போட்டி போட்டார்கள். கொசுவலை என்று ஒருவர் அனுப்பியதில் ஐகான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். அரைத்தூக்கம் என்பவர் கடிகாரத்துக்கு மினுக்கி மினுக்கி எரிகிற விளக்கு வைத்தார். ஆணி என்கிறவர்தான் பலே ஆள். அவர் அனுப்பியது பார்க்க அழகாகவே இருந்தது. ஓர் ஐகான் மட்டும் வரிசையிலிருந்து மயிரிழை விலகி நின்றது. மில்லிமீட்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அதைச் சரி செய்த பிறகுதான் எழுந்தார்.

அவள் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுவந்தாள். அவர் திட்டிக்கொண்டே இடப்பக்கம் திரும்பினார், திட்டிக்கொண்டே திருத்தினார். பயிற்சிக்கு வருகிற பெண் இதைக் கேட்டுவிட்டு, "எங்க படிப்புல இதச் சொல்லித் தரலையே அக்கா," என்றாள்.

திரையில் தொடங்கியது தட்டுக்கும் வந்தது, கன்னத்துக்கும் வந்தது, சட்டைக் கைக்கும் வந்தது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். களைத்துப்போனால் இடது பக்கம் இன்றும் அவருக்கு நழுவும். ஆனால் நழுவுகிறது என்று அவருக்கே இப்போது தெரியும். ஓரத்தில் விரலை வைத்துத் தேடிப் பிடித்துக்கொள்வார். காலண்டரின் முதல் மாதத்தை ஏழு நாளோடும் கட்டி அனுப்பினார். முதலாளி, இன்னொருவர் ஒரு முறை பார்த்துவிடட்டும் என்ற ஏற்பாட்டோடு வேலையைக் கொடுத்தார். அந்த இன்னொருவர் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த இன்னொருவர் தன் வேலையில் விட்ட பிழை ஒன்றை மில்லிமீட்டர் கண்டுபிடித்தார் என்பது வேறு விஷயம்.

சம்பளம் வந்த வாரத்தில் ஒரு மத்தியானம், அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அப்டேட்டும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் நான்தான், இவர்கள்தான் என்று மன்றத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் மேலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அந்த மன்றத்தில் எழுதியது வலப்பக்கம் இருக்கும். எழுதியவர் பெயர் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ரோஸும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை, திரும்பிப் பார் என்று கூப்பிட அங்கே ஒன்றுமே இல்லை. அவர் திரையின் ஓரத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார்.

"ஆந்தை. ஆணி. கொசுவலை. மறுபடி ஆந்தை. அரைத்தூக்கம். புதுசு... யாரு இந்தப் புதுசு? எல்லா எடத்துலயும் இருக்கே. கேள்வி கேட்டே எல்லார் உசுரையும் வாங்கியிருக்கு."

"அது நான்தாங்க."

அவர் திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. 'புதுசு' எழுதிய ஒன்றை மட்டும் படித்துக்கொண்டிருந்தார். அதில் இப்படி இருந்தது: 'அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எங்கே போய்விட்டாய் என்று கேட்கிறார். இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதற்கு ஏதாவது வழி உண்டா?'

கீழே ஆந்தை ஒரே வரி எழுதியிருந்தார். 'இதற்கு எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.'

அவர் இடப்பக்கம் திரும்பினார். அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே, அப்பல்லாம் இங்கதான் இருந்தியா?"

"இங்கதான்."

"ஒரு நாள்கூட எழுந்து போகலையா?"

"பால் பொங்கினப்ப போனேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையைக் கிட்டே இழுத்தார். சோர்ந்த இடக்கையைத் தூக்கி, தேடாமல், நேராக அவள் கை மேல் வைத்தார். பிறகு வலக்கையின் ஒற்றை விரலால் ஆந்தைக்கு நன்றி எழுதத் தொடங்கினார். அடுத்தது ஆணிக்கு. எல்லாருக்கும் தனித்தனியாக எழுதி முடிக்கிற வரைக்கும் இடக்கையை அவர் எடுக்கவே இல்லை.